வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: மேலறை நடுக்கமும் வளரும் நாடுகளும்

சென்ற இதழில் இதயத் துடிப்புக் கோளாறுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. அதில், 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் செல்வ நாடுகளில் மிகுதி, வளரும் நாடுகளில் குறைவு' என்றொரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை ஒட்டியே ஏராளமான கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அந்த நோய்க்குத் தமிழில் ஒரே பெயர் இன்னும் நிலைபெறவில்லை. இந்தப் பகுதி முழுவதும் 'மேலறை நடுக்கம்' என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: மேலறை நடுக்கம் என்பது சாதாரணப் படபடப்புதானே? அதற்கு ஏன் இத்தனை பெரிய பெயர்?

பதில்: இரண்டும் வெவ்வேறு. அச்சத்தாலோ ஓட்டத்தாலோ வரும் படபடப்பில் இதயம் வேகமாகத் துடித்தாலும் தாளம் தவறுவதில்லை. மேலறை நடுக்கத்தில் தாளமே கலைந்துவிடுகிறது. இதயத்தின் மேலறைகளில் மின் தூண்டல்கள் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறாகச் சுற்றுவதால், அந்த அறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டுக் காற்றில் படபடக்கும் இலையைப்போல் அதிர்கின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள கணு அவற்றில் சிலவற்றை மட்டுமே கீழே விடுகிறது. எவற்றை விடும் என்பதில் ஒழுங்கு இல்லாததால் நாடியும் ஒழுங்கிழக்கிறது.

கெடுதல் இரண்டு வழிகளில் வருகிறது. இடது மேலறையின் ஓரத்தில் விரல் நுனியளவு நீண்டிருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். கீழறை பல வாரங்கள், பல மாதங்கள் ஓய்வின்றி விரைந்து துடித்து வலுவிழந்தால் இதயச் செயலிழப்பு. இவ்வளவு நடந்தும், நோயாளிகளில் ஒரு பகுதியினர் எதையுமே உணர்வதில்லை. அவர்களுக்கு முதல் அறிகுறியே கை கால் விழுந்துபோவதாக இருக்கும்.

கேள்வி: வளரும் நாடுகளில் இந்நோய் குறைவு என்று கட்டுரை சொல்கிறது. அங்கே உயர் ரத்த அழுத்தம் பரவலாக இருக்கும்போது, அதனால் வரும் நோய் மட்டும் எப்படிக் குறையும்?

பதில்: இந்த வாரக் கடிதங்களில் மிகக் கூர்மையான கேள்வி இதுதான். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டால் வாசிப்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டு செல்லும்.

உலக நோய்ச் சுமை ஆய்வின்படி 2010-ல் மேலறை நடுக்கத்துடன் வாழ்ந்தோர் ஏறத்தாழ 3.35 கோடிப் பேர். அதே ஆய்வின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் அது சுமார் 5.97 கோடியானது, பின்னர் 2021-க்கான மறுகணக்கில் சுமார் 5.25 கோடி என்று இறங்கியது. இரண்டே ஆண்டுகளில் எழுபது லட்சம் பேர் குணமாகிவிடவில்லை. கணக்கிடும் முறை மாறியிருக்கிறது. நேரடிக் கள ஆய்வு நடக்காத நாடுகளுக்கு, ஆய்வு நடந்த நாடுகளின் தரவுகளைக் கொண்டு மதிப்பீடு செய்து நிரப்புவதே வழக்கம். வளரும் நாடுகளின் எண்களில் கணிசமான பகுதி இவ்வாறு நிரப்பப்பட்டது என்பதை நினைவில் வைத்தே அவற்றைப் படிக்க வேண்டும்.

நேரில் சென்று எண்ணிய இடங்களிலும் எண்ணிக்கை குறைவாகவே வந்தது என்பது உண்மை. தான்சானியாவின் ஹாய் மாவட்டத்தில் 70 வயதைக் கடந்தோரிடம் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இந்நோய் காணப்படவில்லை, விகிதம் 0.7 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. செல்வ நாடுகளில் 65 வயதைக் கடந்தோரில் இருபது பேருக்கு ஒருவர் என்ற அளவில் இது காணப்படுகிறது.

இந்த இடைவெளிக்கு மூன்று காரணங்களைக் கருதலாம். மரபணு வேறுபாடு உண்மையிலேயே ஓரளவு காப்பளிக்கலாம். அடுத்தது, வந்து வந்து மறையும் வகை நடுக்கத்தை ஒருமுறை எடுக்கும் இ.சி.ஜி. பிடிப்பதில்லை, எனவே தேடல் மெலிந்த இடத்தில் நோயும் மெலிந்தே தெரியும். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட நாளில் எத்தனை பேர் நோயுடன் இருக்கிறார்கள் என்ற எண், எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்பதை மட்டுமல்லாமல், வந்தபின் எத்தனை காலம் உயிர் வாழ்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. பதினைந்து ஆண்டுகள் வாழ்பவர் ஒவ்வோர் ஆண்டுக் கணக்கிலும் இடம்பெறுவார். ஓராண்டில் இறப்பவர் ஒரே கணக்கோடு விலகிவிடுவார். விரைவில் கொல்லும் இடத்தில் நோய் அரிதாகத் தோன்றுவது கணித விதி. ஆகவே, குறைந்த எண்ணிக்கையைக் கண்டு ஒரு நாட்டின் சுகாதாரத் துறை நிம்மதி அடைவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: அப்படியானால், அங்கே இந்நோயால் இறப்பவர்கள் அதிகம் என்பதற்குச் சான்று உண்டா? காரணம் மருந்து இல்லாமையா, மருத்துவர் இல்லாமையா?

பதில்: சான்று உண்டு. 2007 இறுதி முதல் 2011 வரை 46 நாடுகளில், அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த மேலறை நடுக்க நோயாளிகள் 15,400 பேரைப் பதிவு செய்து ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகியவற்றில் அந்த ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 10 சதவீதம். தென் அமெரிக்காவில் 17 சதவீதம்; ஆப்பிரிக்காவில் 20 சதவீதம். இத்தனைக்கும் ஆப்பிரிக்கா, இந்தியா, மத்தியக் கிழக்கு ஆகிய பகுதிகளின் நோயாளிகள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள். இளையவர்கள் குறைவாக இறக்க வேண்டும் என்ற எளிய எதிர்பார்ப்பே தலைகீழாகிவிட்டது.

பக்கவாதமும் அப்படித்தான்: ஓராண்டில் ஆப்பிரிக்காவில் 8 சதவீதத்தினருக்கும், சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் 7 சதவீதத்தினருக்கும் வந்தது. இந்தியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று அதே பதிவேடு காட்டுகிறது. அந்த எண்ணை நான் தயக்கத்தோடுதான் வாசிக்கிறேன். மூளை ஸ்கேன் எளிதில் கிடைக்காத இடங்களில், தானாகச் சரியாகிவிடும் சிறு பக்கவாதம் பதிவேட்டுக்கு வந்து சேருமா என்பது என் ஐயம்.

இந்த ஆய்வில் என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது வேறொன்று. இறந்தவர்களில் பக்கவாதத்தால் இறந்தவர்கள் 8 சதவீதத்தினரே; இதயச் செயலிழப்பால் இறந்தவர்கள் 30 சதவீதத்தினர். மேலறை நடுக்கம் என்றாலே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசும் வழக்கம் நமக்கு உண்டு. துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர், நீரை வெளியேற்றும் மாத்திரை, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து ஆகிய பழைய, எளிய மருந்துகள் இடைவிடாமல் கிடைத்திருந்தால் அந்த 30 சதவீதத்தில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வி அதனால் பின்னுக்குப் போய்விடுகிறது.

காரணம் மருந்தா, மருத்துவரா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும்விட, தொடர்ச்சி இல்லாமை என்பேன். பக்கவாத அபாயம் மிகுந்த நோயாளிகளில், உறைவைத் தடுக்கும் மருந்து பெற்றவர்கள் வட அமெரிக்காவில் மூன்றில் இரண்டு பங்கினர். சீனாவில் அக்காலத்தில் ஒன்பதில் ஒருவர் மட்டுமே. மருந்து பெற்றவர்களிடமும் அது சரியான அளவில் வேலை செய்த நாட்கள் மேற்கு ஐரோப்பாவில் 62 சதவீதம். இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா ஆகியவற்றில் 32 முதல் 40 சதவீதம்.

கேள்வி: எனக்கு வயது 34. சிறு வயதில் மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்ததாக அம்மா சொல்வார். இப்போது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பதாகவும் மேலறை நடுக்கம் இருப்பதாகவும் கண்டறிந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாதந்தோறும் ரத்தப் பரிசோதனைக்கு அலைவது பெரும் பாடாக இருக்கிறது. பரிசோதனையே தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டதாகப் படித்தேன். நான் மாறிக்கொள்ளலாமா?

பதில்: மாற வேண்டாம் என்பதே என் பதில். அது ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், அம்மா.

உங்களுக்கு வந்தது ருமாட்டிக் காய்ச்சலாக இருந்திருக்க வேண்டும். ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து, உடலின் எதிர்ப்பாற்றல் தன் இதய வால்வுகளையே தாக்கும் நோய் அது. செல்வ நாடுகளில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. நெருக்கமான குடியிருப்பும், தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின் கிடைக்காத நிலையும் உள்ள இடங்களில் இன்னும் தொடர்கிறது. முன்பு சொன்ன 46 நாட்டுப் பதிவேட்டில், மேலறை நடுக்க நோயாளிகளிடையே ருமாட்டிக் இதய நோய் உள்ளவர்கள் வட அமெரிக்காவில் 2.2 சதவீதம், ஆப்பிரிக்காவில் 21.5 சதவீதம், இந்தியாவில் 31.5 சதவீதம். பெயர் ஒன்றானாலும், முதியவருக்கு ரத்த அழுத்தத்தால் வரும் மேலறை நடுக்கமும், உங்களுக்கு வால்வுச் சுருக்கத்தால் வந்திருப்பதும் ஒரே நோய் போல நடந்துகொள்வதில்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1978-லேயே இதைக் காட்டியது: வால்வு நோய் இல்லாத மேலறை நடுக்கத்தில் பக்கவாத அபாயம் ஐந்து மடங்குக்கு மேல், ருமாட்டிக் வால்வு நோயோடு சேர்ந்தால் பதினேழு மடங்குக்கு மேல்.

புதிய மாத்திரைகளைப் பரிசோதித்த முதல் பெரிய ஆய்வுகள், வால்வு கடுமையாகச் சுருங்கிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கும் அவை நன்மை செய்யும் என்று பலர் ஊகித்தார்கள். அந்த ஊகத்தைச் சோதிக்க ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா ஆகியவற்றின் 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகளைக் கொண்டு இன்விக்டஸ் என்ற ஆய்வு நடந்தது. நோயாளிகளின் சராசரி வயது 50. நூற்றுக்கு 72 பேர் பெண்கள். 2022-ல் முடிவு வெளிவந்தபோது, புதிய மருந்தான ரிவராக்ஸபானைப் பெற்றவர்களில் 552 பேரும், வார்ஃபரின் வகை மருந்தைப் பெற்றவர்களில் 442 பேரும் இறந்திருந்தார்கள். பழைய மருந்தால் கடும் ரத்தக்கசிவு கூடவும் இல்லை.

பக்கவாதம் குறைந்தது இந்த வேறுபாட்டில் சிறு பங்கே. திடீர் இதய மரணமும் இதயச் செயலிழப்பு மரணமும் குறைந்ததே பெரும் பங்கு. வார்ஃபரின் எப்படி இதயச் செயலிழப்பைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. மாதந்தோறும் பரிசோதனைக்கு வந்தவர்களை மருத்துவர்கள் மாதந்தோறும் பார்த்தார்கள், மூச்சுத் திணறலை முன்கூட்டியே கவனித்தார்கள் என்பது சிலர் கூறும் விளக்கம். எல்லோரும் அதை ஏற்கவில்லை. எனக்கு அதில் ஓரளவு உண்மை இருப்பதாகவே படுகிறது. நீங்கள் 'அலைச்சல்' என்று எழுதியிருக்கும் அந்த மாதாந்திரப் பயணம், மருந்தின் ஒரு பகுதியாகவே இருக்கக்கூடும்.

இன்னொன்று முக்கியம். கருத்தரிக்க விரும்பினால், அதற்கு முன்பே இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். வார்ஃபரின் முதல் மூன்று மாதங்களில் சிசுவைப் பாதிக்கும். அக்காலத்தில் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவதா, மருந்தின் அளவைக் குறைப்பதா என்பதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். வால்வைப் பலூன் கொண்டு விரிக்கும் சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்றும் அப்போதே கேளுங்கள். கருத்தரித்தது தெரிந்தவுடன் அஞ்சி நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவது, இருவர் உயிருக்கும் ஆபத்து.

கேள்வி: என் தந்தைக்கு வார்ஃபரின் மாத்திரையால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு சீராக இருந்து வந்தது. காசநோய் மருந்து தொடங்கியபின் எவ்வளவு கொடுத்தாலும் ஏற மறுக்கிறது. மாத்திரை தரமற்றதா?

பதில்: மாத்திரையின்மீது பழி போட வேண்டாம். காசநோய்ச் சிகிச்சையில் உள்ள ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு வார்ஃபரினை விரைவில் சிதைத்துவிடுகிறது. 2 முதல் 3-க்குள் நிற்க வேண்டிய ஐ.என்.ஆர். அதனால்தான் கீழே கிடக்கிறது. இதைச் சமாளிக்க மருத்துவர் வார்ஃபரின் அளவைப் பல மடங்கு கூட்ட நேரிடலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து சிகிச்சை முடியும்போது காத்திருக்கிறது. ரிஃபாம்பிசின் நின்ற சில வாரங்களில் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பும். கூட்டப்பட்ட அளவிலேயே வார்ஃபரினைத் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறி உள்ரத்தக்கசிவு ஏற்படும். எனவே காசநோய் மாத்திரைகள் முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து, அதன்பின் சில வாரங்களுக்கு அடிக்கடி பரிசோதியுங்கள். புதிய மாத்திரைகளுக்கு மாறினாலும் தப்ப முடியாது. ரிஃபாம்பிசின் அவற்றின் அளவையும் ரத்தத்தில் குறைத்துவிடும். காசநோய்க்கு ஒரு மையமும் இதயத்துக்கு வேறொரு மையமும் செல்லும் நோயாளிகளுக்கே இச்சிக்கல் மிகுதி. இரண்டு இடத்து மருந்துச் சீட்டுகளும் ஒருவர் பார்வையிலாவது ஒன்றாகப் படவேண்டும்.

பச்சை இலைக் காய்கறிகளை முற்றிலும் விலக்கியிருப்பதாகவும் எழுதியுள்ளீர்கள். அவற்றிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினை எதிர்க்கும் என்பது சரிதான். ஆனால் தேவை விலக்கல் அல்ல, சீரான அளவு.

கேள்வி: வார்ஃபரினுக்குப் பதிலாக ஆஸ்பிரின் போதாதா? அது எங்கும் கிடைக்கிறதே.

பதில்: போதாது. வார்ஃபரின் ஏற்காத சுமார் 5,600 பேரிடம், 36 நாடுகளில் நடந்து 2011-ல் வெளியான அவெர்ரோஸ் ஆய்வில், ஆஸ்பிரின் பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு 3.7 சதவீதமும் புதிய மாத்திரைகளில் ஒன்றான அபிக்ஸபான் பெற்றவர்களுக்கு 1.6 சதவீதமும் பக்கவாதமோ பிற உறுப்புகளில் அடைப்போ வந்தன. கடும் ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆஸ்பிரின் எங்கும் கிடைக்கிறது என்பதே அதைத் தொடர்ந்து எழுதிக் கொடுப்பதற்குக் காரணமாகிவிட்டது.

கேள்வி: நான் கிராமச் சுகாதாரச் செவிலி. எங்களிடம் இ.சி.ஜி. இயந்திரம் இல்லை. மேலறை நடுக்கத்தைச் சந்தேகிக்க வேறு வழி உண்டா?

பதில்: உங்கள் இரண்டு விரல்கள் போதும். மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, இரு விரல்களை வைத்துக் குறைந்தது அரை நிமிடம், இயன்றால் ஒரு நிமிடம், நாடியைப் பாருங்கள். எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனியுங்கள். இடையில் ஓர் அடி தவறி மீண்டும் சீராவது வேறு. எந்த அடி எப்போது வரும் என்று சொல்லவே முடியாதபடி குலைந்திருப்பது வேறு. ஒரு துடிப்பு ஓங்கியும் அடுத்தது மெலிந்தும் வரும். ஸ்டெதாஸ்கோப் இருந்தால், நெஞ்சில் கேட்கும் துடிப்புகளை ஒருவரும் மணிக்கட்டில் தட்டுப்படுவதை மற்றவரும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள்; நெஞ்சில் கேட்பது கூடுதலாக இருந்தால் ஐயம் வலுக்கிறது.

இம்முறையில் மேலறை நடுக்கம் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிடிபடுவார்கள். அந்நோய் இல்லாதவர்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோரும் வலையில் விழுவார்கள். ஆகவே, நாடியைக் கொண்டு மருந்து தொடங்கிவிடக் கூடாது, இ.சி.ஜி.க்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்யலாம். 65 வயதைக் கடந்தோர், ரத்த அழுத்தம் உள்ளோர், ருமாட்டிக் காய்ச்சல் வந்தோர், மூச்சுத் திணறலோடு வருவோர் ஆகியோருக்கு ஒவ்வொரு முறையும் நாடி பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: தானியங்கி ரத்த அழுத்தக் கருவி மேலறை நடுக்கத்தில் அளவுக்கு அளவு மாறிக் காட்டும். மூன்று முறை எடுத்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் பட்டையைக் கட்டும் முன் நாடியைப் பார்க்கும் பழைய வழக்கம், இக்கருவிகள் வந்தபின் பல இடங்களில் கைவிட்டுப்போனது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: ஒரு பூச்சி கடித்தால்கூட மேலறை நடுக்கம் வரும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் நண்பர் சாகாஸ் நோயைச் சொல்லியிருக்கிறார். லத்தீன் அமெரிக்காவில், மண்சுவர் வீடுகளின் இடுக்குகளில் வாழும் ஒருவகை ரத்தம் உறிஞ்சும் பூச்சியின் எச்சம், கடிவாயில் படும்போது ஓர் ஒட்டுண்ணி உடலுக்குள் நுழைகிறது. பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகாஸ் இதை 1909-ல் விவரித்தார். மேலறை நடுக்கம் என்ற கோளாறு இ.சி.ஜி. மூலம் தெளிவாக அடையாளம் காணப்பட்டதும் அதே 1909-ல்தான் என்பது ஒரு தற்செயல்.

உலகில் எழுபது லட்சம் பேர் அளவில் இத்தொற்றுடன் வாழ்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வரை, இருபது முப்பது ஆண்டுகள் கழித்து இதயத் தசை பழுதடைந்து, துடிப்புக் கோளாறுகளுக்கும் பக்கவாதத்துக்கும் ஆளாகலாம். ஒவ்வொரு கண்டத்திலும் மேலறை நடுக்கத்துக்கு இட்டுச் செல்லும் பாதை வேறு. ஓரிடத்தின் சிகிச்சை வழிகாட்டியை மற்றோரிடத்துக்கு அப்படியே பெயர்த்து எழுதுவது ஏன் போதாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கைக்கடிகாரமே இந்நோயைக் கண்டுபிடிக்குமாமே! அரசுகள் அதை வழங்கினால் என்ன?

பதில்: ஆப்பிள் கடிகாரத்தைக் கொண்டு அமெரிக்காவில் சுமார் 4.19 லட்சம் பேரிடம் நடந்த, 2019-ல் வெளியான ஆய்வில், எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 சதவீதம். அணிந்தவர்களில் பலர் இளையவர்கள். நோய் வரக்கூடியவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். டென்மார்க்கில் 70 முதல் 90 வயதுடையோருக்குத் தோலடியில் கருவி பதித்துத் தொடர்ந்து கண்காணித்தார்கள். வழக்கமான முறையில் 12 சதவீதத்தினருக்குத் தெரியவந்த மேலறை நடுக்கம், கருவி பதித்தவர்களில் 32 சதவீதத்தினருக்குத் தெரியவந்தது. தேடினால் எண்ணிக்கை இரண்டரை மடங்கு ஏறும் என்பதற்கு, வளரும் நாடுகளில் இந்நோய் எப்படிக் குறையும் என்று மேலே கேட்ட வாசகர் இதையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால், அவ்வளவு பேரைக் கண்டுபிடித்தும் பக்கவாதம் உறுதியாகச் சொல்லுமளவுக்குக் குறையவில்லை. சில நிமிடமே வந்து மறையும் நடுக்கத்தைத் துரத்துவதற்கு முன், நாள் முழுவதும் குலைந்த நாடியோடு நடமாடுபவர்களைக் கண்டறிவது முதல் வேலை. அதற்குக் கடிகாரம் தேவையில்லை.

கேள்வி: ஒரு வளரும் நாட்டின் சுகாதாரத் துறை உங்களிடம் ஆலோசனை கேட்டால், எங்கே தொடங்கச் சொல்வீர்கள்?

பதில்: இதய மருத்துவமனையில் தொடங்கச் சொல்ல மாட்டேன். உலகில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் 2019-ல் ஏறத்தாழ 130 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்ததாகவும், அவர்களில் ஐந்தில் ஒருவருக்கே அது கட்டுக்குள் இருந்ததாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலோர் வாழ்வது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். இன்று கட்டுப்படாத அழுத்தம் மேலறையை விரித்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடுக்கமாக வெளிப்படும். அங்கே மக்கள் முதுமையை எட்டத் தொடங்கியிருப்பதால், இன்றைய குறைந்த எண்ணிக்கை நிலைக்கப்போவதும் இல்லை.

அடுத்தது பெனிசிலின். உகாண்டாவில், வால்வில் தொடக்கநிலைப் பாதிப்பு மட்டுமே தெரிந்த 818 சிறுவர் சிறுமியரில் ஒரு பிரிவினருக்கு மாதம் ஒரு பெனிசிலின் ஊசி போட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் பாதிப்பு முற்றியது அவர்களில் 0.8 சதவீதத்தினருக்கு, ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதத்தினருக்கு. ருமாட்டிக் நோயை ஒழிக்க உலகச் சுகாதாரப் பேரவை 2018-லேயே தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. ஊசி மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்வதே எஞ்சியிருக்கிறது. அதுவே கடினமாகவும் இருக்கிறது.

புதிய உறைவுத் தடுப்பு மாத்திரைகளை உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வால்வு நோய் இல்லாத மேலறை நடுக்கத்துக்கு அவை வார்ஃபரினைவிட வசதியானவை. மூளைக்குள் ரத்தக்கசிவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அவற்றை வாங்குகிறோம் என்பதற்காக ஐ.என்.ஆர். பரிசோதனை வசதியை மூடிவிடக் கூடாது; ருமாட்டிக் நோயாளிகளுக்கு அது என்றும் தேவைப்படும்.

கேள்வி: எனக்கு வயது 71, ரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. மேலறை நடுக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தபின் துடிப்பு சீராகிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். உறைவுத் தடுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். 2002-ல் வெளியான அஃபர்ம் ஆய்வில் 4,060 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியிருந்தவர்கள், அல்லது ஐ.என்.ஆர். அளவு குறைந்திருந்தவர்கள். சீரானதாகத் தோன்றும் துடிப்பு உறக்கத்தில் மீண்டும் குலைவதை நீங்கள் அறிய முடியாது. மாத்திரை தேவையா என்பதைத் தீர்மானிப்பது இன்றைய துடிப்பு அல்ல. வயது, ரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு வந்த பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவையே. அவற்றில் மூன்று உங்களிடம் இருக்கின்றன. பல் பிடுங்குவதற்கோ அறுவை சிகிச்சைக்கோ இடையில் நிறுத்தச் சொன்னால், எந்த நாளில் நிறுத்தி எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரகப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நீங்கள் எடுப்பது புதிய வகை மாத்திரையானால், அதன் அளவை அந்த முடிவைப் பார்த்தே மாற்றுவார்கள்.